டிரெய்லர் எலெக்ட்ரிக் பிரேக்: கெயினை 9.5 வரை ஏற்றியும் பிடிப்பு இல்லை

ஹைலக்ஸ்_ஓட்டி
அண்ணன்மார்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்ட ஸ்டோரிலிருந்து உரம் ஏற்றும் இரட்டை அச்சு டிரெய்லர். 3,500 பவுண்டு அச்சு இரண்டு, நாலு சக்கரத்திலும் 10 அங்குல எலெக்ட்ரிக் டிரம் பிரேக். காலி எடை 700 கிலோ. 50 கிலோ மூட்டை 30 ஏறினால் 2,200 கிலோ. இழுப்பது டீசல் ஹைலக்ஸ், கண்ட்ரோலர் (டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அளந்து அனுப்பும் பெட்டி) டெகோன்ஷா பி3.

பாரத்தோடு பிரேக் மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது. கெயின் (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் உச்ச சக்தியின் எண்) 6ல் தொடங்கி 9.5 வரை ஏற்றியாகிவிட்டது. கண்ட்ரோலரின் கை லீவரை முழுக்க அழுத்தினாலும் சக்கரம் பூட்டவில்லை, வேகம் மட்டும் மெல்லக் குறைகிறது. திரையில் டிரெய்லர் இணைப்பு சரி என்றுதான் காட்டுகிறது. பூஸ்டைக் கூட்டலாமா, இல்லை கண்ட்ரோலரையே மாற்றலாமா?

டிரம்_போமன்
தம்பி, இரண்டும் வேண்டாம். 2,200 கிலோவுக்கு நாலு 10 அங்குல பிரேக் தாராளம். 9.5லும் பிடிக்கவில்லை என்றால் குறை பெட்டியில் இல்லை. ஒன்று ஷூவுக்கும் (டிரம்முக்குள் விரிந்து உரசும் கட்டை) டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம், இல்லையென்றால் மேக்னெட்டுக்கு (பிரேக்கை இயக்கும் மின்காந்தம்) போதுமான கரண்ட் போகவில்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

முதலில் கெயினை 5க்கு இறக்கி வை. பழுதைச் சரிசெய்த பிறகும் 9.5லேயே மறந்துவிட்டால், முதல் மிதியிலேயே நாலு சக்கரமும் பூட்டி டயர் தேயும். மழை ரோடு என்றால் டிரெய்லர் பக்கவாட்டில் வந்து நிற்கும்.

12வோல்ட்
போமன் அண்ணன் சொன்னதேதான். பூஸ்ட் என்பது மிதித்த உடனே கிடைக்கும் ஆரம்பப் பிடியைக் கூட்டுவது. உச்ச சக்தி கெயினில் வைத்ததுதான், பூஸ்ட் அதை உயர்த்தாது. உச்சமே போதவில்லை என்னும்போது பூஸ்டைத் தொடுவதில் பயன் இல்லை.

மீட்டர் இருக்கிறதா? டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் பாதி வேலை பத்து நிமிடத்தில் முடியும். இன்ஜினை ஓடவிட்டு, டிரெய்லர் பிளக்கைச் செருகி, கெயினை 10ல் வைத்து, லீவரை முழுக்க அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கண்ட்ரோலரிலிருந்து பின்னால் போகும் நீல வயரில் கிளாம்பைப் போடு. 10 அங்குல பிரேக் மேக்னெட் ஒன்றின் மின்தடை சுமார் 3.2 ஓம். கையேடுகளில் ஒன்றுக்கு 3 ஆம்பியர் என்று போட்டிருக்கும். நாலுக்கும் சேர்த்து 12. சுருள் சூடாகாமல், வயரும் நல்லதாக இருந்தால் 15 வரைகூட வரும். 9 பக்கம் நின்றால் ஒரு மேக்னெட் செத்திருக்கலாம், அல்லது எர்த் மோசம். 6 என்றால் ஓர் அச்சே வேலை செய்யவில்லை.

சோதனை முடிந்ததும் கெயினை மறுபடி 5க்கு இறக்கு.

கெயின் பாதியில் இருக்கும்போது அளக்காதே. கண்ட்ரோலர் கரண்டைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்பும், அதை மலிவு மீட்டர் தாறுமாறாகக் காட்டும். முழு அழுத்தத்தில் மட்டும்தான் அளவை நம்பலாம்.

ஹைலக்ஸ்_ஓட்டி
கிளாம்ப் மீட்டர் ஸ்டோர் ஒயர்மேனிடம் இருக்கிறது. இன்னொன்று கேட்கணும். வண்டி நிற்கும்போது கால் பிரேக்கை மிதித்தால் திரையில் எண் ஏறவே இல்லை. லீவருக்கு மட்டும் ஏறுகிறது. இது குறையா?

12வோல்ட்
குறை இல்லை. பி3 வண்டியின் வேகக் குறைவை உணர்ந்து அதற்கேற்ப சக்தி கொடுக்கும் வகை. வண்டி நின்றிருந்தால் வேகக் குறைவே கிடையாது, அதனால் மிதிக்கு ஒன்றும் பெரிதாகக் கொடுக்காது. லீவர் அந்தக் கணக்கைப் பார்க்காது.

அதே காரணத்தால் பெட்டி மாட்டியிருக்கும் கோணத்தையும் பார். வண்டி போகும் திசைக்கு நேராக இருக்கணும். ஓட்டுநர் முகத்துக்குத் திருப்பி, அழகுக்காகச் சாய்த்து மாட்டியிருந்தால் வேகக் குறைவு முழுதாகத் தெரியாது. நேரக் கணக்கில் சக்தி ஏற்றும் பழைய வகைப் பெட்டிக்குத்தான் கோணம் முக்கியமில்லை.

கங்காணி_பேரன்
சிவப்பு வயரையும் ஒரு பார்வை பாருங்கள். பிரேக் விளக்கு சுவிட்சின் எந்தப் பக்கத்தில் எடுத்திருக்கிறார்கள்? மிதித்தால் மட்டும் கரண்ட் வரும் பக்கம்தான் சரி. சோதனை விளக்கை வைத்தால் மிதிக்கும்போது எரியணும், விட்டால் அணையணும். கறுப்பு வயர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 ஆம்பியர் சர்க்கியூட் பிரேக்கர் வழியாக. இரண்டு அச்சுக்கு 20 போதும். வெள்ளை நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. டேஷ்போர்டுக்குக் கீழே கையில் கிடைத்த போல்ட்டில் வெள்ளையை முடிந்துவிடுகிற பழக்கம் நம் ஊர் ஆட்களுக்கு உண்டு, அது இருந்தால் முதலில் மாற்றணும்.

டிரம்_போமன்
மின்சாரக் கணக்கை 12வோல்ட் பார்த்துக்கொள்வார். டிரம் பக்கம் நான் சொல்கிறேன். தோட்டத்து சிவப்பு மண்ணில் ஓடும் டிரெய்லருக்கு எல்லாவற்றுக்கும் முந்தியது இதுதான்.

கரண்ட் வந்ததும் மேக்னெட் சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துப் போகும். அந்த இழுப்பில் பிரேக்குக்குள் இருக்கும் லீவர் கை சாய்ந்து ஷூவை விரிக்கும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினால் கை அதிக தூரம் சாயணும். அதற்குள் வண்டி பல அடி ஓடிவிடும். ஓட்டுபவர் "பிடிக்கவில்லை" என்று கெயினை ஏற்றுவார். கடைசியில் ஷூ தொடும்போது ஒரேயடியாகக் கவ்வும். அதனால்தான் சில டிரெய்லர் முதலில் தள்ளும், பிறகு உதறும்.

செட் செய்யும் முறை:

சமதளத்தில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடு. பிளக்கைக் கழற்று. ஜாக்கை சேசிஸ் கட்டையில் வை, அச்சுக் குழாயில் வைக்காதே, குழாய் வளைந்தால் சக்கரக் கோணம் போச்சு. முட்டு கொடுத்த பிறகுதான் கீழே கை நீட்டணும். பேக்கிங் பிளேட்டின் (டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடு) அடியில் நீள்துளை ஒன்று ரப்பர் மூடியோடு இருக்கும். அதன் வழியாக ஸ்டார் வீலை (ஷூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல்சக்கரம்) பல் பல்லாகத் தள்ளு. தட்டை ஸ்க்ரூ டிரைவர் போதும், பிரேக் ஸ்பூன் இருந்தால் சுலபம். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றிக்கொண்டே தள்ளு. எந்தப் பக்கம் தள்ளும்போது சுழற்சி இறுகுகிறதோ அதுதான் இறுக்கும் பக்கம். கையால் சுழற்றவே கஷ்டமாகும் வரை இறுக்கு. அப்புறம் எதிர்ப்பக்கம் தளர்த்து. சக்கரம் தடையில்லாமல் சுழன்று, லைனிங் (ஷூ மேல் ஒட்டிய உரசும் பட்டை) லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்டால் அங்கே நிறுத்து. மூடியைத் திரும்பப் போடு. மூடி தொலைந்த துளை வழியாகத்தான் சிவப்பு மண் உள்ளே போய் ஸ்டார் வீலை இறுக்கிவிடுகிறது.

முழுக்க இறுக்கிவிட்டுத் தளர்த்தச் சொல்வது ஷூ டிரம் நடுவில் வந்து உட்காரத்தான். உரசல் கேட்டதும் நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு ஷூவை மட்டும்தான் தொட வைத்திருப்பார்கள்.

நாலு சக்கரமும் ஒரே அளவு உரசணும். புது ஷூ போட்டால் முதல் 300 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, அப்புறம் 5,000க்கு ஒருமுறை இதைச் செய். முன்னோக்கி ஓடும்போது தானே இறுகும் வகை என்றாலும் முதல் செட்டிங் கையால்தான்.

லோரிக்காரன்
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். இதே டிரெய்லரை 24 வோல்ட் லோரியில் இழுக்கலாமா?

12வோல்ட்
நேரடியாக வேண்டாம். மேக்னெட் 12 வோல்ட். 24 கொடுத்தால் கரண்ட் இரட்டிப்பாகும், சூடு நான்கு மடங்காகும், சுருள் கருகும். 24 வோல்ட் வண்டியில் மாட்டி 12 வோல்ட் பிரேக்குக்கு வெளியே கொடுப்பதாகக் கையேட்டில் தெளிவாக எழுதிய கண்ட்ரோலர்தான் வேண்டும். டிரெய்லர் விளக்குகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். தனி இழையில் கேளுங்கள் அண்ணே, இங்கே கலக்க வேண்டாம்.

கங்காணி_பேரன்
மேற்கோள்: "நாலு சக்கரமும் ஒரே அளவு உரசணும்."

இதை ஓட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பத்து தடவை மிதமாக பிரேக் பிடித்துவிட்டு, நிறுத்தி, சூடு பார்க்கும் அகச்சிவப்பு மீட்டரை நாலு டிரம்மிலும் காட்டு. மூன்று ஒரே மாதிரி சூடாகி, ஒன்று மட்டும் சூடேறாமல் இருந்தால் அந்த மூலையில் பிரேக்கே இல்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது உரசிக்கொண்டே ஓடுகிறது, அல்லது மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன. மீட்டர் இல்லையென்றால் டிரம் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கையை வைத்துப் பார்க்க வேண்டாம்.

ஹைலக்ஸ்_ஓட்டி
அளந்தாச்சு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.4 வோல்ட். லீவர் முழு அழுத்தத்தில் நீல வயரில் 8.8 ஆம்பியர். மேக்னெட் வயரில் 9.4 வோல்ட்தான் வருகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி ஓம் பார்த்ததில் மூன்று 3.2, 3.2, 3.3. இடது பின் சக்கரத்தில் ஒன்றுமே காட்டவில்லை.

12வோல்ட்
அருமை, கணக்கு ஏறக்குறைய பொருந்துகிறது. மூன்று மேக்னெட் இணையாக 1.08 ஓம். 9.4 வோல்ட்டை அதால் வகுத்தால் 8.7 ஆம்பியர். நாலாவது சுருள் அறுந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், பேட்டரியிலிருந்து மேக்னெட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் 4 வோல்ட் காணாமல் போகிறது.

எங்கே போகிறது என்று பிரித்துப் பார். லீவரை அழுத்திக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மேக்னெட்டின் எர்த் வயரிலும் வை. வருவது எர்த் பக்கத்து நஷ்டம். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து மேக்னெட்டின் மற்ற வயருக்கு. நீளமான ஒற்றை வயர் ஒன்று தேவைப்படும்.

மேக்னெட்டைக் கழற்றி வைத்திருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துவிடு. வயர் முனைக்கும் மேக்னெட் உடம்புக்கும் நடுவே ஓம் வை. ஏதாவது எண் காட்டினால் உள்ளே கசிவு, அதையும் தூக்கிப் போடணும். சின்ன ஓம் அளக்கும்போது மீட்டர் முனை இரண்டையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்.

ஹைலக்ஸ்_ஓட்டி
எர்த் பக்கம் 3.1 வோல்ட். பாசிட்டிவ் பக்கம் 0.9. மேக்னெட் எர்த் வயர்களெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில் சேசிஸில் ஒரு திருகில் கட்டியிருக்கிறது, திருகு முழுக்கத் துரு. பிளக்கில் வெள்ளை வயர் மெல்லிசு.

12வோல்ட்
குற்றவாளி அந்தத் திருகுதான். சேசிஸை எர்த்தாக நம்பினால் கரண்ட் துரு வழியாகவும், கிரீஸ் பூசிய டோ பால் (டிரெய்லரை மாட்டும் உருண்டை) வழியாகவும் சுற்றி வரணும். உர ஏற்றம் வேறு. யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்தால் இணைப்புகளை அரித்துத் தின்னும்.

மேக்னெட் எட்டு வயரில் நாலை நீலத்தோடும், நாலை வெள்ளையோடும் சேர். மேக்னெட்டுக்குத் திசை கிடையாது, எந்த வயர் எதில் போனாலும் சரி. வெள்ளையைத் தனி வயராகப் பிளக் வரை கொண்டு போ. வயர் தடிமனுக்குக் கணக்கு இதோ. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 மீட்டருக்கு 0.07 ஓம். 12 ஆம்பியர் ஓடினால் போகும் வழியில் 0.84 வோல்ட், வரும் வழியில் 0.84, மொத்தம் 1.7 போச்சு. 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டு வழியும் சேர்த்து 0.7தான். வண்டிக்குள் கண்ட்ரோலரிலிருந்து பின் பிளக் வரையும் இதே தடிமன்.

இணைப்பைக் கறுப்பு டேப் சுற்றி விடாதே. இறுக்கு முனை போட்டு, உள்ளே பசை உருகும் சுருங்கு குழாய் மாட்டு. அச்சுக் குழாய் உள்ளே வயர் ஓடும் வகை என்றால் அதையும் உருவிப் பார். உள்ளே உரசி உறை கிழிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஷார்ட் ஆகும்.

டிரம்_போமன்
மேக்னெட் மாற்ற இடது பின் டிரம்மைக் கழற்றத்தான் போகிறாய். அப்போது அதே அச்சின் வலது மேக்னெட்டையும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேய்ந்தது என்றால் பிடி ஒருபுறமாக இழுக்கும்.

டிரம் கழன்றதும் பார்க்க வேண்டியவை: லைனிங் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்று. கிரீஸ் பட்ட லைனிங்கைத் துடைத்து, பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் போடும் வித்தை வேண்டாம். ஊறிய கிரீஸ் முதல் இறக்கத்துச் சூட்டில் மறுபடி மேலே வரும். மேக்னெட் முகத்தில் ஸ்கேல் வைத்துப் பார், தட்டையாக இருக்கணும். ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் லீவர் கையின் புஷ் ஆடுகிறது. மேக்னெட் ஒட்டும் டிரம் உள்முகத்தில் ஆழமான கோடு இருந்தால் கடைசல் பட்டறையில் கொடு. 10 அங்குல டிரம்மின் ஷூ முகத்தை 10.090 அங்குலத்துக்கு மேல் கடையக் கூடாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஷூ இரண்டில் சின்ன லைனிங் உள்ளது வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கணும். இடது செட்டையும் வலது செட்டையும் மாற்றி மாட்டினால் எல்லாம் புதுசாக இருந்தும் பிடி பாதிதான் வரும்.

கிரீஸ் நிப்பிள் வைத்த ஹப் என்றால் கை கன்னால், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே மெல்ல அடி. காற்று கன்னால் அடித்தால் உள் சீல் பிதுங்கி முழு கிரீஸும் ஷூ மேல். பிரேக் கெட்டுப்போன டிரெய்லரை "நல்லா கிரீஸ் அடிச்சேன் பாஸ்" என்று கொண்டு வருவதற்குக் காரணம் அதுதான்.

தூசியைக் காற்று அடித்து ஊதாதே. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடை.

ஹைலக்ஸ்_ஓட்டி
வயர், வெள்ளை எர்த், பின் அச்சுக்கு இரண்டு மேக்னெட், நாலு சக்கர ஷூ செட்டிங் எல்லாம் முடிந்தது. இப்போது மேக்னெட்டில் 12.2 வோல்ட், மொத்தம் 15 ஆம்பியர். இனி கெயினை எப்படி வைப்பது?

டிரம்_போமன்
உடனே வைக்காதே. புது மேக்னெட் முகமும் லைனிங்கும் டிரம்மோடு படியணும். மணிக்கு 65ல் ஓட்டி, கை லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து 30க்கு இறக்கு. நின்றுவிடாதே. ஒரு கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவிட்டு மறுபடி. 20, 30 தடவை. பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்துச் செய்.

பிறகு கெயின். டிரெய்லரில் வழக்கமான பாரம் இருக்கணும், 30 மூட்டை. சமமான, காய்ந்த தார் ரோடு. செம்பனை ஆலை முன்னால் தார்த் தளம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் இருக்கும், கேட்டுக்கொண்டு போ. ஈப்போ - கோல கங்சார் பெரிய சாலையில் இந்த வேலை வேண்டாம். 40 கிலோமீட்டர் வேகம். காலை எடுத்துவிட்டு லீவரை முழுக்க அழுத்து. வெளியே ஒருவர் நின்று சக்கரத்தைப் பார்க்கணும், உள்ளிருந்து தெரியாது. பூட்டினால் அரை எண் இறக்கு. பூட்டாவிட்டால் அரை எண் ஏற்று. பூட்டுவதற்குச் சற்றுக் கீழே வரும் எண்தான் உன் எண்.

சிவப்பு மண் பாதையில் வைத்தால் சீக்கிரம் பூட்டும், எண் குறைவாக வந்துவிடும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி தள்ளும். ஆறிய பிரேக்கில் வைத்தாலும் தப்பு. சூடேறிய பிரேக் கூடுதலாகக் கவ்வும்.

கங்காணி_பேரன்
ஒரு சின்னத் திருத்தம், அண்ணே. அச்சின் முழு அளவுக்குப் பாரம் ஏற்றினால் 10லும் சக்கரம் பூட்டாமல் இருக்கலாம், அது குறையல்ல. இந்த டிரெய்லரின் இரண்டு அச்சும் சேர்ந்து சுமார் 3,175 கிலோ. 2,200 என்பதால் பூட்டணும். 3,000 ஏற்றுகிறவர்கள் பூட்டவில்லையே என்று அலைய வேண்டாம். உதறல் இல்லாமல் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நிற்கும் எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

டிரம்_போமன்
சரியான பேச்சு. ஏற்றுக்கொள்கிறேன்.

ஹைலக்ஸ்_ஓட்டி
பாரத்தோடு 6ல் பூட்டியது, 5.5ல் வைத்திருக்கிறது. அதே எண்ணில் காலி டிரெய்லர் திரும்பும்போது பூட்டி சத்தம் போடுகிறது.

12வோல்ட்
பூட்டத்தான் செய்யும், 2,200 கிலோவுக்கு வைத்த எண் அது. காலிக்குத் தனி எண் கண்டுபிடி, 3 அல்லது 3.5 பக்கம் வரும். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டு. மூட்டை இறக்கியதும் எண்ணை மாற்றுவது ஓட்டுநரின் வேலை, பெட்டிக்கு பாரம் தெரியாது.

இப்போது பூஸ்ட் பேசலாம். டிரெய்லர் வண்டியைவிட இலேசானால் வேண்டாம். ஏறக்குறைய சமமானால் 1 போட்டுப் பார். மிதித்ததும் டிரெய்லர் சற்று முந்திப் பிடித்து, வண்டியைப் பின்னால் இழுப்பது போல் லேசாகத் தெரிந்தால் போதும். முதுகில் குத்தினால் கூடிப்போச்சு.

லோரிக்காரன்
மழைக்காலத்தில் தோட்டத்து வாய்க்கால் தாண்டி வந்தால் முதல் இரண்டு மிதிக்கு பிடியே இல்லையே, அதற்கும் கெயினா?

டிரம்_போமன்
இல்லை அண்ணே, டிரம்முக்குள் தண்ணீர். மெதுவாக ஓட்டிக்கொண்டே லீவரைக் கால்வாசி அழுத்தி சில நூறு மீட்டர் உரசவிட்டால் காய்ந்துவிடும். ஈரத்தில் கெயினை ஏற்றினால் காய்ந்ததும் பூட்டும்.

கங்காணி_பேரன்
யாரும் பிரேக்அவே சுவிட்சைத் (டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் ஊசி உருவப்பட்டு, தானே பிரேக் பிடிக்க வைப்பது) தொடவில்லை. வயர் மாற்றியதால் அதையும் கட்டாயம் சோதிக்கணும். முதலில் டிரெய்லர் பிளக்கை வண்டியிலிருந்து கழற்றுங்கள். செருகியபடியே ஊசியை இழுத்தால் டிரெய்லர் பேட்டரியின் கரண்ட் திரும்பி கண்ட்ரோலருக்குள் போய் அதைக் கெடுக்கலாம். கழற்றிவிட்டு ஊசியை இழுத்து, வண்டியால் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். நாலு சக்கரமும் பூட்டி இழுபடணும். அமெரிக்க விதிப்படி அந்த பேட்டரி 15 நிமிடம் பிரேக்கைப் பிடித்து வைக்கணும். ஊசியின் கயிற்றை டோ பாலிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ கட்டாதீர்கள், வண்டியின் சேசிஸில் தனியாகக் கட்டுங்கள்.

ஹைலக்ஸ்_ஓட்டி
இழுத்துப் பார்த்தேன், மூன்று சக்கரம் பூட்டுகிறது, வலது முன் சக்கரம் மெல்லச் சுழல்கிறது. அதன் ஓம் 3.2 சரியாகத்தான் இருந்தது.

டிரம்_போமன்
கரண்ட் சரி என்றால் ஷூ. அந்தச் சக்கரத்தை மட்டும் மறுபடி தூக்கி, முழுக்க இறுக்கித் தளர்த்து. ஸ்டார் வீல் நகராமல் நின்றால் துரு பிடித்திருக்கும், கழற்றி மரையில் மெல்லிசாக ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் காக்கும் பசை) பூசி மாட்டு. அப்படியும் சுழன்றால் டிரம்மைக் கழற்றி லைனிங்கில் கிரீஸ் இருக்கிறதா பார். முன் அச்சு டிரம் இரண்டையும் நீ இன்னும் திறக்கவில்லை, இல்லையா?